படிவத்தின் ஒவ்வொரு புலத்தையும் ஃபயர்வால் தனித்தனியே அடையாளம் கண்டு சோதிக்கச் செய்வது எப்படி?

மண்டபம் நிரலர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மண்டபம் பகுதியில் இயங்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இணையதளத்தைப் பராமரித்து வருகிறேன். விசைப்படகு கடலுக்குப் புறப்படும் முன் உரிமையாளர் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். கரை திரும்பிய பிறகு பிடித்த மீனின் வகையையும் எடையையும் இன்னொரு படிவத்தில் பதிய வேண்டும். படகுப் பதிவெண், உரிமையாளர் பெயர், உடன் செல்வோர் பெயர்கள், கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு, வலை வகை, குறிப்பு, படகு ஆவணத்தின் புகைப்படம் ஆகியவை முதல் படிவத்தின் புலங்கள். குறிப்புப் பகுதியை ஏறத்தாழ எல்லோருமே தமிழில்தான் எழுதுகிறார்கள்.

தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதற்கு முன்னால் அப்பாச்சி சர்வரும், அதனுள் வரும் கோரிக்கைகளைச் சோதித்துத் தடுக்கும் ஃபயர்வாலாக மோட்செக்யூரிட்டி 2.9 பதிப்பும், இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் கோர் ரூல் செட் என்ற விதித் தொகுப்பும் உள்ளன. கைபேசிச் செயலி வழியாக வரும் பதிவுகள் ஜேசான் (பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் உரை வடிவம்) வடிவில் வருகின்றன.

சிக்கல் இதுதான். டி'குரூஸ் போன்ற மேற்கோள் குறியுள்ள பெயர்களை உடையவர்கள் படிவத்தை அனுப்பினால் சில நேரங்களில் 403 என்ற மறுப்பு வருகிறது. குறிப்புப் பகுதியில் "வலை கிழிந்தது -- மாற்று வலை உள்ளது" என்று எழுதினாலும் மறுப்பு வருகிறது. சாதாரணமாகத் தமிழில் இரண்டு வரி எழுதினாலும் மறுக்கப்படுகிறது. ஃபயர்வாலை நிறுவிக் கொடுத்தவர்கள் கூறிய தீர்வு, அந்தப் படிவத்தின் முகவரியையே சோதனையிலிருந்து முழுவதுமாக விலக்கிவிடுவது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆதார் எண்ணும் வங்கி விவரமும் வந்து சேரும் படிவத்தையே காவல் இல்லாமல் திறந்து வைப்பது, நம்பித் தம் விவரத்தைக் கொடுக்கும் மீனவர்களுக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன்.

என் கேள்விகள் இவை: வந்த கோரிக்கையில் எது எந்தப் புலம் என்பதை ஃபயர்வால் எப்படி அறிகிறது? குறிப்புப் புலத்துக்கு ஒரு வகையும் பதிவெண் புலத்துக்கு வேறு வகையுமாகச் சோதனையைப் பிரிக்க முடியுமா? பிரித்தால் அதில் என்ன ஓட்டைகள் விழ வாய்ப்புண்டு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் முடிந்து படகுகள் ஒரே நேரத்தில் புறப்படும்போது படிவங்கள் குவியும். அதற்குள் இதைச் சீர்செய்ய விரும்புகிறேன்.

(புலப் பெயர்கள் நிரலில் இலத்தீன் எழுத்தில் உள்ளன, படிப்பவர்களின் வசதிக்காக இங்கே படகு_எண், குறிப்பு என்று தமிழில் எழுதுகிறேன்.)

கீழக்கரை வாசி மறுமொழி:

வணக்கம் நண்பரே. முகவரியை முழுவதும் விலக்க வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரியானது. முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

திரையில் தெரியும் படிவத்தை ஃபயர்வால் ஒருபோதும் பார்ப்பதில்லை. அதற்குக் கிடைப்பது ஒரு பைட்டு வரிசை மட்டுமே. அந்த வரிசையை எப்படிப் புலங்களாக வெட்ட வேண்டும் என்பதை, கோரிக்கையுடன் வரும் கன்டென்ட்-டைப் என்ற ஹெடரை, அதாவது தரவின் வடிவத்தைச் சொல்லும் தலைக்குறிப்பைப் பார்த்து அது முடிவு செய்கிறது. மூன்று வடிவங்கள் உங்களுக்குத் தேவைப்படும். முதலாவது யூஆர்எல்-என்கோடட்: புலங்களுக்கு இடையே & குறி, பெயருக்கும் மதிப்புக்கும் இடையே = குறி, இடைவெளிக்குப் பதில் + குறி, பிற எழுத்துகளுக்கு % குறியுடன் கூடிய இரண்டு பதினறும இலக்கங்கள். இரண்டாவது மல்டிபார்ட்: கோப்பு சேர்த்து அனுப்பும் படிவங்கள் இந்த வடிவில்தான் வரும். பவுண்டரி என்னும் எல்லைச் சரம் ஒன்றை உலாவி தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு புலத்தையும் அந்தச் சரத்தால் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் தலையிலும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்ற வரியில் புலத்தின் பெயரை எழுதி அனுப்பும். 2015-இல் வெளியான ஆர்எஃப்சி 7578 என்ற இணையத் தர ஆவணம் இதை வரையறுக்கிறது. மூன்றாவது ஜேசான்: இங்கே புலத்தின் பெயர், அடுக்கு அடுக்காக உள்ளே செல்லும் பாதையாகிவிடுகிறது.

மோட்செக்யூரிட்டி இப்படி வெட்டிய புலங்களை ஆர்க்ஸ் என்ற தொகுப்பில் வைக்கிறது. முகவரியோடு வந்தவை, கோரிக்கையின் உடற்பகுதியில் வந்தவை என இரண்டும் அதில் அடங்கும், தனித்தனியாகவும் கேட்கலாம். பெயர்கள் மட்டும் ஒரு தொகுப்பாகவும், கோப்புகள் இன்னொரு தொகுப்பாகவும், குக்கிகள் வேறொன்றாகவும் கிடைக்கின்றன. ஒரு விதியை ஆர்க்ஸ் முழுவதற்கும் பொருத்தலாம். ஆர்க்ஸில் குறிப்பு என்ற ஒன்றுக்கு மட்டும் பொருத்தலாம். குறிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொருத்தலாம். ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை, முடியும் என்பதே.

உடற்பகுதியைப் படிக்கும் அனுமதி ஃபயர்வாலில் இயக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். அது அணைந்திருந்தால் முகவரியில் வரும் புலங்கள் மட்டுமே சோதிக்கப்படும். ஜேசான் பாகுபாடு வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். 2.9 பதிப்பைத் தொகுக்கும்போது யாஜல் என்ற நிரலகத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால் ஜேசானை அதனால் வெட்ட இயலாது.

எந்தப் புலம் மறுப்புக்குக் காரணம் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. தணிக்கைப் பதிவில் ஒவ்வொரு விதியும் எந்த எண்ணுடையது, எந்தப் புலத்தில் எதைக் கண்டது என்று எழுதப்பட்டிருக்கும். 942 என்று தொடங்கும் எண்கள் எஸ்க்யூஎல் ஊடுருவலுக்கு (புலத்தின் வழியே தரவுத்தளக் கட்டளையை நுழைப்பது) உரியவை, 941 பக்கத்தில் ஸ்கிரிப்ட் செருகுவதற்கு, 920 நெறிமுறை ஒழுங்குக்கு, 922 மல்டிபார்ட்டுக்கு. அந்தப் பதிவையும், உங்கள் அமைப்பில் விதிகளின் கடுமையைக் குறிக்கும் பாரனோயா நிலை எத்தனை என்பதையும் எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.

மண்டபம் நிரலர்:

விரிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. உடற்பகுதி அனுமதி இயங்குகிறது. பாரனோயா நிலை 3 என்று இருக்கிறது. தமிழ்க் குறிப்புகள் வரும்போதெல்லாம் 920272 என்ற விதி பதிவாகிறது. அதனுடன் 942 தொடரிலிருந்தும் சில சேர்ந்துகொள்கின்றன. பெயர்ப் புலத்தில் 942 தொடர் மட்டும் வருகிறது. புகைப்படம் இருப்பதால் இணையப் படிவம் மல்டிபார்ட்டாக வருகிறது.

பாம்பன்காரன் மறுமொழி:

தமிழ் எழுதினாலே மறுக்கப்படுவதன் காரணம் அந்த 920272-தான். அச்சில் தெரியும் ஆஸ்கி எழுத்துகள் (ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக் குறிகள்) தவிர வேறு எந்த பைட்டு வந்தாலும் அது குற்றமாகக் குறிக்கும். 32 முதல் 126 வரையிலான பைட்டுகளில் % குறியை மட்டும் விலக்கி, மற்றவற்றை மட்டுமே அது ஏற்கிறது. தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் மூன்று மூன்று பைட்டுகளாக வருகின்றன. மூன்றுமே 127-க்கு மேற்பட்டவை. எனவே தமிழில் ஓர் எழுத்து எழுதினாலும் விதி பொருந்திவிடும். புதிய வரிக்குச் செல்லும் குறிகூட அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால், ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினாலும் பொருந்தும். அபாயப் புள்ளிகள் 5 ஆனதும் மறுப்பது இயல்பான அமைப்பு. கடுமையான விதி ஒன்று பொருந்தினாலே 5 புள்ளிகள் சேர்ந்துவிடுகின்றன.

தமிழில் எழுதும் மக்களுக்கான படிவத்துக்கு நிலை 3-ஐ அப்படியே வைத்தது தவறான தேர்வு. ஆனால் அதற்காக நிலையை முழுவதும் 1-க்கு இறக்குவதற்கு முன், எந்தப் புலங்களில் தமிழ் வரக்கூடும் என்று எழுதிப் பாருங்கள். உரிமையாளர் பெயர், உடன் செல்வோர் பெயர்கள், குறிப்பு, மீன் வகை ஆகிய நான்கில்தான் தமிழ் வருகிறது. படகு எண், ஆதார், கைபேசி, ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றில் தமிழ் வரவே கூடாது. தமிழ் வரும் அந்த நான்கு புலங்களை மட்டும் 920272-இன் இலக்கிலிருந்து விலக்கினால், மற்றவற்றில் அந்தக் கடுமை உங்களுக்கு நன்மையாகவே இருக்கும். ஒரு தடை உண்டு: அந்த விதி புலங்களை மட்டும் பார்ப்பதில்லை, வெட்டப்படாத உடற்பகுதியையும் பார்க்கிறது. உங்கள் அமைப்பில் அதுவும் பொருந்துகிறதா என்பதைப் பதிவில் சரிபார்த்து, பொருந்தினால் இந்த முகவரிக்கு மட்டும் அந்த இலக்கையும் விலக்குங்கள்.

942 தொடர் ஏன் தமிழில் பொருந்துகிறது என்பதைத் தமிழில் தளம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன். சந்தேகத்துக்குரிய குறிகள் எத்தனை வந்தன என்று எண்ணும் விதிகள் அந்தத் தொடரில் உண்டு. நிலை உயர உயர அனுமதிக்கும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். அப்படி எண்ணும் ஒரு செறிகோவையின் (எழுத்துத் தொடரைப் பொருத்திப் பார்க்கும் சூத்திரம்) அடைப்புக்குள் வளைந்த மேற்கோள் குறிகளும் எழுதப்பட்டிருந்து, செறிகோவை இயந்திரம் எழுத்தாகப் பார்க்காமல் பைட்டு பைட்டாகப் பார்த்தால், அந்தக் குறியின் ஒவ்வொரு பைட்டும் தனித்தனிக் குற்றவாளியாகிவிடும். வளைந்த ஒற்றை மேற்கோள் 226, 128, 153 என்ற மூன்று பைட்டுகள். சாய்ந்த அழுத்தக் குறி 194, 180 என்ற இரண்டு. இப்போது நம் எழுத்துகளைப் பாருங்கள்: ழ என்பது 224, 174, 180. ங என்பது 224, 174, 153. ஈகார உயிர்மெய்க் குறி 224, 175, 128. கடைசி பைட்டுகள் அப்படியே பொருந்துகின்றன. "மீன்", "கீழக்கரை", "சீலா", "மழை", "சங்கம்" என்று எழுதும்போதெல்லாம் ஃபயர்வாலின் கணக்கில் மேற்கோள் குறிகள் ஏறிக்கொண்டே போகும். மீன்பிடிப் படிவத்தில் "மீன்" என்று எழுதாமல் இருக்க முடியாது. இத்தகைய விதி பதிவில் தென்பட்டால், தமிழ்ப் புலங்களை அதன் இலக்கிலிருந்து தயங்காமல் விலக்கலாம். தமிழைப் பொறுத்தவரை அந்த எண்ணிக்கைக்கு எந்தப் பொருளும் இல்லை.

நீளத்தைப் பற்றியும் ஒன்று. யூஆர்எல்-என்கோடட் வடிவில் ஒரு தமிழ்க் குறியீட்டுப் புள்ளி (யூனிகோடில் தனி எண் பெற்ற எழுத்தோ குறியோ) மூன்று பைட்டு, பைட்டுக்கு மூன்று எழுத்து, ஆக ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. "மீ" என்பது இரண்டு குறியீட்டுப் புள்ளிகள் என்பதால் பதினெட்டு. மேகக் கணிமை நிறுவனங்களின் ஃபயர்வால்கள் உடற்பகுதியின் தொடக்கத்தை மட்டும் சோதிப்பதுண்டு. அமேசானின் ஃபயர்வால், கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் சுமை பகிர்வானுக்கு முன்னால் நிற்கும்போது, முதல் 8 கிலோபைட்டை மட்டுமே பார்க்கிறது. 8192-ஐ 9-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 910 குறியீட்டுப் புள்ளிகள். நீண்ட தமிழ்க் குறிப்பு ஒன்று முதலில் வந்தால், அதன் பின் வரும் புலங்கள் சோதனைக்கே உட்படாமல் போகலாம். தாக்குபவர் வேண்டுமென்றே குப்பையை முதலில் வைத்து அனுப்பவும் முடியும். நாளை தளத்தை மேகத்துக்கு மாற்றும் எண்ணம் சங்கத்துக்கு இருந்தால், அளவு மீறிய கோரிக்கையை என்ன செய்வது என்ற அமைப்பை "தொடர்ந்து செல்லட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். மோட்செக்யூரிட்டியிலும் இதே தேர்வு உண்டு: எல்லை மீறினால் மறுப்பதா, பாதியளவில் சோதித்து அனுப்புவதா என்பது. மறுப்பதையே தேர்ந்தெடுங்கள். பரிந்துரைக்கப்பட்ட அமைப்புக் கோப்பில் மொத்த எல்லை 1,31,07,200 பைட்டு. கோப்புகள் நீங்கலாக 1,31,072 பைட்டு. கைபேசிப் புகைப்படங்களுக்கு முதல் எல்லை பெரும்பாலும் போதுமானது.

தொண்டி வலைஞன் மறுமொழி:

பாம்பன் அண்ணன் எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் விலக்குகளோடு நின்றுவிட்டால் வேலை பாதிதான் முடியும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு புலத்தை ஒரு விதியிலிருந்து விலக்கும்போது, அந்தப் புலத்தில் எது வரலாம் என்ற எங்கள் சொந்த விதியை அதே இடத்தில் வைத்தாக வேண்டும். இல்லையெனில் விலக்கு என்பது வெறும் திறப்புதான்.

உங்கள் புலங்கள் அதற்கு மிகவும் இசைவானவை. ஆதார் எண் 12 இலக்கம். முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது. கடைசி இலக்கம் வெர்ஹாஃப் முறைச் சரிபார்ப்பு இலக்கம். கைபேசி எண் 10 இலக்கம், 6 முதல் 9 வரையில் ஒன்றில் தொடங்கும். ஐஎஃப்எஸ்சி 11 இடங்கள்: முதல் நான்கு எழுத்துகள், ஐந்தாவது சுழியம், மீதி ஆறும் எழுத்தோ எண்ணோ. படகுப் பதிவெண்ணில் நாட்டுக் குறி, மாநிலக் குறி, மாவட்ட எண், படகு வகை, வரிசை எண் ஆகியவை கோட்டாலோ சாய்கோட்டாலோ பிரிக்கப்பட்டு வரும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு செறிகோவை எழுதி, பொருந்தாததை மறுத்துவிட்டால், அந்தப் புலங்களில் எந்த ஊடுருவல் சரமும் நுழைய இடமே இல்லை. வெர்ஹாஃப் கணக்கை மட்டும் தளத்தின் நிரலுக்கு விட்டுவிடுங்கள். பெயர்ப் புலத்தில் தமிழ் எழுத்து, இலத்தீன் எழுத்து, புள்ளி, இடைவெளி, ஒற்றை மேற்கோள் ஆகியவற்றை அனுமதித்து, நீளத்துக்கு எல்லை வைத்தால் டி'குரூஸ் குடும்பத்தாருக்கு இடைஞ்சல் வராது. குறிப்புப் புலம் ஒன்றுதான் உண்மையில் திறந்த புலம். அதில் 941 தொடரை விலக்காமல் வைத்திருங்கள். அந்தக் குறிப்பைப் பிறகு சங்க ஊழியர் ஒருவர் தம் திரையில் திறந்து படிப்பார் அல்லவா?

இனி ஓட்டைகள் பற்றிய உங்கள் மூன்றாம் கேள்வி. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: ஃபயர்வால் வெட்டிய புலங்களும் பிஎச்பி வெட்டிய புலங்களும் ஒன்றாக இல்லாமல் போவது.

பிஎச்பி, புலப் பெயரில் உள்ள புள்ளியையும் இடைவெளியையும் அடிக்கோடாக மாற்றிவிடும். நீங்கள் படகு_எண் என்ற புலத்துக்குக் கடுமையான விதி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாக்குபவர் படகு.எண் என்று அனுப்புகிறார். ஃபயர்வாலுக்கு அது வேறொரு புலம்; உங்கள் விதி அதைத் தொடாது. பிஎச்பியிடம் போய்ச் சேரும்போது அது படகு_எண் ஆகிவிடும். இதைத் தடுக்க ஒரே நம்பகமான வழி, அந்த முகவரிக்கு வரக்கூடிய பெயர்களின் முழுப் பட்டியலை எழுதி, அதில் இல்லாத பெயர் ஒன்று வந்தாலும் கோரிக்கையை மறுப்பது.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிஎச்பி கடைசியதை எடுத்துக்கொள்ளும். ஜாவா சர்வ்லெட்டில் ஒற்றை மதிப்பைக் கேட்டால் முதலாவது கிடைக்கும். ஏஎஸ்பி டாட் நெட் இரண்டையும் காற்புள்ளியால் இணைத்துத் தரும். 2009-இல் லூகா கரெட்டோனி, ஸ்டெஃபானோ டி பாவ்லா ஆகிய இருவரும் ஓவாஸ்ப் மாநாட்டில் இதை ஒரு தாக்குதல் முறையாகவே எடுத்துரைத்தார்கள். இரண்டு துண்டுகளாக வரும்போது குற்றமற்றதாகத் தெரியும் சரம், இணைந்த பிறகு ஊடுருவலாக மாறலாம். ஒவ்வொரு புலமும் ஒரே முறைதான் வர வேண்டும் என்று எண்ணிக்கை விதி எழுதுங்கள்.

மீன் வகைகளைப் பதியும் இரண்டாம் படிவத்தில் வரிசைப் புலங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன்: மீன்[0][எடை], மீன்[1][எடை] என்பது போல. பிஎச்பிக்கு அது ஓர் அணி. ஃபயர்வாலுக்கு அடைப்புக் குறியோடு சேர்ந்த வெறும் பெயர். எனவே பெயரை நேராக எழுதாமல் செறிகோவையாகக் குறியுங்கள். அடைப்புக்குள் எண் தவிர வேறொன்றும் வரக்கூடாது என்பதும் அதிலேயே அடங்கட்டும்.

மல்டிபார்ட்டில் இன்னும் நுட்பமான வேறுபாடுகள் உள்ளன. ஒரு பகுதியின் தலையில் கோப்புப் பெயர் இருந்தால் ஃபயர்வால் அதைக் கோப்பு என்று கருதி ஆர்க்ஸில் சேர்க்காது. தளத்தின் பாகுபடுத்தி (தரவைப் புலங்களாக வெட்டும் நிரல்) அதே பகுதியைச் சாதாரணப் புலமாக எடுத்துக்கொண்டால், சோதிக்கப்படாத மதிப்பு தரவுத்தளம் வரை சென்றுவிடும். மேற்கோள் குறி விடுபட்ட பெயர்கள், பவுண்டரிக்குப் பிறகு மிஞ்சிய உள்ளடக்கம், ஒற்றை வரிமுடிவுக் குறி ஆகியவை எல்லாம் இவ்வகைக் குழப்பத்தை உண்டாக்கவே அனுப்பப்படுகின்றன. மோட்செக்யூரிட்டியின் பரிந்துரை அமைப்பில் மல்டிபார்ட் கண்டிப்புப் பிழையைச் சோதிக்கும் விதி ஒன்று உள்ளது. உலாவிகள் முறையாகவே அனுப்புவதால், அதை அணைக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. 2022 செப்டம்பரில் வெளியான கோர் ரூல் செட் திருத்தங்கள், பகுதிகளின் தலையில் வேறு எழுத்துக் குறியாக்கத்தை அறிவித்து விதிகளை ஏமாற்றும் வழியை அடைத்தன. அவை வேலை செய்ய மோட்செக்யூரிட்டியும் குறைந்தது 2.9.6 ஆக இருக்க வேண்டும். உங்கள் பதிப்பின் கடைசி எண்ணைப் பாருங்கள்.

கன்டென்ட்-டைப் பற்றியும் கவனம் தேவை. கைபேசிச் செயலிக்கான நிரல், ஹெடரைப் பார்க்காமலேயே உடற்பகுதியை ஜேசானாகப் பிரித்தால், தாக்குபவர் வெற்று உரை என்ற ஹெடரோடு ஜேசானை அனுப்பி ஃபயர்வாலின் புலப் பகுப்பைத் தவிர்த்துவிடலாம். ஒரு முகவரிக்கு ஒரு வடிவம் மட்டும் என்று வரையறுங்கள்: படிவ முகவரிக்கு மல்டிபார்ட், செயலி முகவரிக்கு ஜேசான், வேறெதுவும் ஏற்கப்படாது.

வாலிநோக்கம் மறுமொழி:

இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

புலப் பட்டியல் தயாரிக்கும்போது திரையில் தெரியும் தலைப்பையோ, பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் உள்ள ஐடி பண்பையோ பார்க்காதீர்கள். அனுப்பப்படுவது நேம் என்ற பண்பு மட்டுமே. நேம் இல்லாத புலம் அனுப்பப்படாது. முடக்கப்பட்ட புலம் அனுப்பப்படாது. குறியிடாத தேர்வுப் பெட்டியும் அனுப்பப்படாது. ஆகவே தேர்வுப் பெட்டிகளுக்கு "ஒருமுறை வந்தே ஆக வேண்டும்" என்ற எண்ணிக்கை விதியைப் போட்டால் நேர்மையான பயனர்கள் மாட்டிக்கொள்வார்கள். அவற்றுக்கு "ஒன்றுக்கு மேல் வரக்கூடாது" என்பதே பொருத்தம். மறைபுலங்களையும் பட்டியலில் சேருங்கள். பழைய பதிவுகளை மட்டும் பார்த்துப் பட்டியல் எழுதினால், ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பப்படும் புலங்கள் விடுபட்டுவிடும். நிரலைப் பார்த்து எழுதிவிட்டு, கண்டறிதல் மட்டும் செய்யும் நிலையில் சில நாள் ஓட்டிச் சரிபாருங்கள்.

இரண்டாவது செய்தி பதிவுகளைப் பற்றியது. மறுக்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கையின் உடற்பகுதியும் தணிக்கைப் பதிவில் அப்படியே எழுதப்படும் அமைப்பு உங்களிடம் இருந்தால், மீனவர்களின் ஆதார் எண்களும் வங்கி விவரங்களும் இப்போதே ஒரு சாதாரண உரைக் கோப்பில் தேங்கிக் கிடக்கின்றன. 2.9 பதிப்பில் புலத்தின் பெயரைச் சொல்லி அதன் மதிப்பைப் பதிவில் உடுக்குறிகளால் மறைக்கும் செயல் உண்டு. ஆதார், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் ஆகிய மூன்றுக்கும் அதை இன்றே போடுங்கள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைக் காக்கும் பொறுப்பை அதை வைத்திருப்பவர் மீது சுமத்துகிறது. சங்கமும் அதற்கு விலக்கல்ல. ஜேசானாக வரும் மதிப்புகளுக்கு இந்த மறைப்பு உங்கள் பதிப்பில் வேலை செய்கிறதா என்பதைச் சோதனைத் தரவை அனுப்பிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பழைய பதிவுக் கோப்புகளையும் மறந்துவிடாதீர்கள்.

மண்டபம் நிரலர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தணிக்கைப் பதிவைத் திறந்து பார்த்தேன். வாலிநோக்கம் நண்பர் கூறியது போலவே எண்கள் முழுமையாகத் தெரிகின்றன. மறைப்பைச் சேர்த்துவிட்டேன். பெயர்ப் பட்டியல், எண்ணிக்கை விதி, புலத்துக்கு ஒரு வடிவ விதி என்ற வரிசையில் எழுதத் தொடங்கியுள்ளேன்.

இரண்டு ஐயங்கள் மிஞ்சியுள்ளன. விலக்குகளைக் கோர் ரூல் செட் கோப்புகளுக்கு முன்பு எழுத வேண்டுமா, பின்பா? இருவிதமாகவும் எழுதியுள்ளவர்களைப் பார்க்கிறேன். மேலும், புகைப்படக் கோப்புகளின் பெயர் பல நேரம் தமிழில் வருகிறது. அதைப் புலமாகக் கருதிச் சோதிக்க வேண்டுமா?

தொண்டி வலைஞன்:

இரண்டு இடமும் சரியானவையே; எந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விதி எண்ணைச் சொல்லி அதன் இலக்கை நிரந்தரமாகத் திருத்தும் கட்டளை, அந்த விதி ஏற்றப்பட்ட பிறகே வர வேண்டும். இல்லாத விதியைத் திருத்த முடியாது. அது எல்லா முகவரிகளுக்கும் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட முகவரி வந்தால் மட்டும் இலக்கை விலக்கும் நிபந்தனை விதி, கோரிக்கை ஓடும்போது செயல்படுவதால், அந்த விதியை எட்டும் முன்பே ஓடியிருக்க வேண்டும். எனவே முன்னால் எழுத வேண்டும். இதற்காகவே கோர் ரூல் செட்டில் 900 என்று தொடங்கும் முன்கோப்பும் 999 என்று தொடங்கும் பின்கோப்பும் தனியே வைக்கப்பட்டுள்ளன. "குறிப்பு" என்ற பெயர் வேறு படிவங்களிலும் இருக்கக்கூடும் என்பதால், உங்களுக்கு முகவரியோடு கட்டிய முன்விலக்கையே பரிந்துரைப்பேன்.

கோப்பின் பெயரையும் சோதிக்கத்தான் வேண்டும். அதுவும் பயனரின் கையிலிருந்து வரும் மதிப்புதான். ஆனால் அதன் எழுத்துகளில் கடுமை காட்டுவதால் பயன் குறைவு. நீட்சி அனுமதிக்கப்பட்டதா என்பதை மட்டும் பாருங்கள். சர்வரில் சேமிக்கும்போது அந்தப் பெயரைப் பயன்படுத்தாமல் நீங்களே ஒரு பெயரை உருவாக்கிக்கொள்ளுங்கள். கோப்புப் பெயரை உடுக்குறியோடு எழுதி, குறியாக்கத்தையும் சேர்த்து அனுப்பும் வடிவம் ஒன்று உண்டு. படிவங்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆர்எஃப்சி 7578 வெளிப்படையாகத் தடுக்கிறது. உலாவிகள் தமிழ்க் கோப்புப் பெயரை யூடிஎஃப்-8 பைட்டுகளாக நேரடியாகவே அனுப்புகின்றன. ஆகவே உடுக்குறி வடிவம் உங்கள் படிவ முகவரிக்கு வந்தால், அது மண்டபத்துக் கைபேசி ஒன்றிலிருந்து இயல்பாக வந்ததல்ல என்று முடிவு செய்து மறுத்துவிடலாம்.